எட்டு நிமிடத்தில் பத்துக் கரண்டி

ஷகிலா தேர்வில் தோற்றார். பன்னிரண்டு வருடங்களாக, தாங்களாகச் சாப்பிட முடியாதவர்களுக்குச் சோறு ஊட்டும் வேலை பார்ப்பவர், ஊட்டுவதில்தான் தோற்றார். அதுவும் ஒரு பொம்மையிடம்.

அரூரிலிருந்து சேலம் போகும் சாலையில், ஓர் அறக்கட்டளை நடத்தும் இல்லம் இருக்கிறது. அறிவு வளர்ச்சியிலும் உடல் வளர்ச்சியிலும் குறைபாடு உள்ள இருபத்தாறு பேர் அங்கே வசிக்கிறார்கள். எல்லோரும் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். ஷகிலா அங்கே வேலைக்குச் சேர்ந்ததற்குப் பின்னால் கண்ணீர்க் கதை எதுவும் இல்லை. இருபத்தொன்பது வயதில் வேலை தேடினார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வேலை இருந்தது. கணவர் நிசார் அகமது, வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர், "தொண்டு கிண்டுன்னு ஆரம்பிச்சுடாத. சாயந்திரம் ஆறு மணிக்கு வூட்ல இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். தொண்டு என்ற சொல்லை ஷகிலா இன்று வரை பயன்படுத்தியதில்லை. வேலை என்றுதான் சொல்கிறார்.

சேர்ந்த முதல் நாள் அவருக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி முழுவதும் ஒரே வாக்கியம்: "வூட்ல புள்ளைக்கு ஊட்ற மாதிரி ஊட்டுங்க." ஷகிலாவுக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் அதன் விளைவு தெரிந்தது. சித்தேரி மலையிலிருந்து வந்த குள்ளம்மாள் என்ற பெண்ணுக்கு அன்று மதியம் களி. தருமபுரி மாவட்டத்தில் களியை யாரும் மெல்வதில்லை. பிட்டு உருட்டி, குழம்பில் புரட்டி, வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஷகிலாவும் அப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தவர். அப்படியே உருட்டிப் போட்டார். விழுங்கும் தசை ஒழுங்காக வேலை செய்யாத ஒருவருக்கு அந்த உருண்டை என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்லித்தர இல்லத்தில் ஆள் இல்லை. குள்ளம்மாளின் உதடு நீலமானது. ஷகிலா விரலை விட்டுத் தோண்டி எடுத்தார். விரலில் பல் பதிந்த தழும்பு இப்போதும் இருக்கிறது. குள்ளம்மாள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். பிறகு வீட்டார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

இல்லம் அந்தச் சம்பவத்திலிருந்து கற்ற பாடம், களியை நிறுத்துவது. ஷகிலா கற்றது வேறு. அன்றிலிருந்து அவர் வாயைப் பார்ப்பதில்லை, தொண்டையைப் பார்க்கிறார். இடது கையின் இரண்டு விரல்களைத் தாடைக்குக் கீழே லேசாக வைத்துக்கொள்வார். குரல்வளை ஏறி இறங்கினால் ஒரு வாய் உள்ளே போயிற்று. ஏறாவிட்டால் அடுத்த கரண்டி தட்டிலேயே இருக்கும். பக்கத்தில் யார் அவசரப்படுத்தினாலும் இருக்கும்.

இந்த விஷயத்தில் அவருக்கு மிகவும் சிரமம் கொடுப்பவர் ராஜப்பன். ஏரியூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தொரு வயது. பேச்சு கிடையாது. கையும் கழுத்தும் அவர் சொன்னபடி கேட்காது. கத்தரிக்காய் வந்தால் நாக்கால் துல்லியமாகத் தள்ளிவிடுவார். யாராவது தட்டைக் கீழே போட்டால் இல்லமே அதிரச் சிரிப்பார். "முதல் தடவ தொண்ட ஏறி இறங்குனா நம்பக் கூடாது. அது சும்மா. ஏமாத்துவாரு. ரெண்டாவது தடவ ஏறுது பாருங்க, அதான் நெசம்" என்கிறார் ஷகிலா. ஒரு மதியச் சாப்பாட்டுக்கு ராஜப்பனுக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். பத்து வருடமாக அப்படித்தான். நாற்பது நிமிடம் சாப்பிட்ட ராஜப்பனுக்கு அந்தப் பத்து வருடத்தில் நெஞ்சுச் சளி வந்தது ஒரே முறை.

போன ஆவணியில்தான் பயிற்சி வந்தது.

மூன்று நாள். தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மக்கோல் எழுத்துகள் மேடையில் அப்படியே இருந்தன. அதனால் பயிற்சியின் பெயர் தாங்கிய பேனருக்கு மேலே மணமக்கள் பெயர் இதய வடிவத்துக்குள் மின்னியது. ஐந்து இல்லங்களிலிருந்து நாற்பத்திரண்டு ஊழியர்கள். முதல் நாள் காலை குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கே அடுத்தவர் பொன்னாடை போர்த்தினார். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்து, சேவை என்பது தாய்மை என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, காரில் ஏறிப் போனார். பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்கும் படிவத்தை அன்று மதியமே நிரப்பி வாங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் கூட்டம் கலையும்போது வாங்க முடியாதாம். நாற்பத்திரண்டு பேரும் "மிகவும் பயனுள்ளது" என்ற கட்டத்தில் டிக் அடித்தார்கள். அதற்குள் அவர்கள் கண்ட பயன், ஒரு மிக்சர் பொட்டலமும் ஒரு பேனாவும்.

பயிற்சி கொடுக்க வந்தவர் சுகுணா, கோயம்புத்தூர்க்காரர். கெட்டவர் இல்லை. நன்றாகப் பேசுவார். அதுதான் சிக்கல். மதியம் இரண்டு மணி நேரம், இந்த மனிதர்களை எந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்று வகுப்பு எடுத்தார். பழைய சொல் தவறு, அதற்குப் பின் வந்த சொல்லும் தவறு, இப்போதைய சொல் சரி, அதுவும் மாறக்கூடும். கடைசியில், "நீங்க உங்க இல்லத்துல எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று ஷகிலாவைக் கேட்டார்.

"பேரச் சொல்லித்தாங்க கூப்பிடுவோம்."

"அது... அதுவும் ஓகேதான்" என்று சுகுணா திரையில் அடுத்த படத்துக்குப் போனார்.

இரண்டாம் நாள் குழு வேலை. சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, நபரை மையமாக வைத்த பராமரிப்பு என்றால் என்ன என்று வரையச் சொன்னார்கள். ஏழு குழுக்கள் பூ வரைந்தன. மூன்று நாளும் மண்டபத்துக்குள் குறைபாடு உள்ள ஒரே ஒரு நபர்கூட இல்லை. வாசல் வரை வந்தவர் ஒருவர் மட்டும். பேனரைப் பார்த்துவிட்டு, பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு தாய் தன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இது பயிற்சி, உங்களுக்கானது இல்லை என்று பணிவாகச் சொல்லி, மிக்சர் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் செய்முறைத் தேர்வு. மேடையில் ஒரு பொம்மையை உட்கார வைத்தார்கள். இடுப்பு வரை உள்ள பெரிய ஆள் பொம்மை. வாய் திறக்கும். உள்ளே ஒரு குழாய், அடியில் ஒரு டப்பா. ரவைக் கஞ்சியை ஊட்டினால் டப்பாவில் விழும். சிந்தாமல் பத்துக் கரண்டி, எட்டு நிமிடத்தில் ஊட்ட வேண்டும். ஊட்டினால் சான்றிதழ்.

ஏன் எட்டு நிமிடம்? சுகுணாவிடம் கேட்டதற்கு, "அது ஸ்டாண்டர்ட்" என்றார். மேலும் கேட்டதற்கு, டைம்டேபிள் போட்டவரைக் கேட்கச் சொன்னார். டைம்டேபிள் போட்டவர் ஒளிவுமறைவே இல்லாமல் சொல்லிவிட்டார். பொம்மை ஒன்று. ஆட்கள் நாற்பத்திரண்டு. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி நாலு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். சாப்பாட்டுக்கு முக்கால் மணியும் டீக்குப் பத்து நிமிடமும் கழித்து வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு எட்டு நிமிடம் வருகிறது. அவ்வளவுதான். மனிதத் தொண்டைக்கும் அந்த எட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் மண்டபத்து வாடகைக்கும் அதற்கும்தான்.

ஷகிலாவின் இல்லத்திலிருந்து வந்த ஐஸ்வர்யா, இருபத்து மூன்று வயது, ஏழே நிமிடத்தில் பத்துக் கரண்டியும் ஊட்டி முடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கைதட்டல். அடுத்தது ஷகிலா. பொம்மையின் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தார். இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே வைத்தார். ஒரு கரண்டி கொடுத்தார். நின்றார்.

"அக்கா, ஏன் நின்னுட்டீங்க? அடுத்த கரண்டி குடுங்க" என்றார் சுகுணா.

"இன்னும் முழுங்கலைங்க மேடம்."

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "முதுவுல ரெண்டு தட்டு தட்டுக்கா, முழுங்கிடும்!"

"அக்கா, அது பொம்மை."

"தெரியுதுங்க மேடம். கை போவ மாட்டேங்குது."

எட்டு நிமிடத்தில் நான்கு கரண்டி போயிற்று. மதிப்பெண் தாளில், "திறன் போதாது, மறுபயிற்சி தேவை" என்று எழுதினார்கள். அன்று மாலை நிசார் அகமது தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "பொம்மைக்கு ஊட்டத் தெரியாதவளக் கட்டிக்கிட்டு பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கேன். எனக்குக் குடுக்கணும் சர்டிபிகேட்டு."

மறுநாள் இல்லத்தின் நிர்வாகி மாரப்பன் கூப்பிட்டார். மாரப்பன் முன்பு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதி வைத்தே வாழ்ந்தவருக்கு, எட்டு நிமிடம் என்ற சேதி தேனாக இனித்தது. அந்த வாரமே சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய கடிகாரம் மாட்டினார். பதிவேட்டில் ஊட்டத் தொடங்கிய நேரம், முடித்த நேரம் என்று இரண்டு பத்தி போட்டார்.

"ஷகிலாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சர்டிபிகேட் இல்லாதவங்க இனிமே சாப்பாட்டு வேலைல நிக்கக் கூடாதாம். நீங்க துணி தொவைக்கிற பக்கம் பாத்துக்கங்க."

"ராஜப்பனுக்கு யாருங்க சார் ஊட்டுவாங்க?"

"ஐஸ்வர்யா இருக்குதே. டிரெய்ன்டு ஆளு."

"பன்னெண்டு வருசமா நான் என்னா சார் பண்ணிட்டு இருந்தேன்?"

"அனுபவம் வேற, பயிற்சி வேறம்மா" என்றார் மாரப்பன். அவர் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை.

ஷகிலா துவைக்கும் கல்லுக்குப் போனார். கூடத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சுவர். ராஜப்பன் எப்படிச் சாப்பிடுகிறார் என்று அவரால் பார்க்க முடியாது. ஆனால் சட்டைகள் வந்தன. சாப்பாட்டு வேளையை ஒரு சட்டையில் எவ்வளவு படிக்க முடியும் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் ராஜப்பன் சட்டையில் காலரில் மட்டும் ஈரம் இருக்கும். இப்போது தோளில் பருப்புக் கறை. தலையைத் திருப்பிக்கொள்கிறார், அப்படியும் விடாமல் கரண்டி பின்னாலேயே போகிறது என்று அர்த்தம். இரண்டாம் வாரம் மார்பு முழுக்க விசிறியடித்தாற்போல் புள்ளிப் புள்ளியாகச் சோறு. இருமியிருக்கிறார். மூன்றாம் வாரம் தலையணை உறையில் சளி.

கொடியில் துணி காயப்போடும்போது ஐஸ்வர்யாவை மறித்துக் கேட்டார். "ஏம்மா, ராஜப்பன் இருமறாரா?"

ஐஸ்வர்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இருமறாருக்கா. எனக்கும் தெரியுது. நீங்க பண்ற மாதிரி வெரல வெச்சும் பாத்தேன். எட்டு நிமிஷத்துக்கு மேல போனா சார் செவப்புப் பேனாவுல சுழிச்சிடறாரு. நாலு சுழி ஆச்சுன்னா மெமோவாம்."

"மீதிச் சோறு?"

"'சாப்பிட மறுத்தார்'னு எழுதச் சொல்லியிருக்காரு."

பதிவேட்டைப் புரட்டினால் அந்த இரண்டு சொற்கள் ராஜப்பன் பெயருக்கு எதிரே முப்பத்தாறு முறை இருக்கின்றன. பேசவே முடியாத மனிதர் முப்பத்தாறு முறை மறுத்திருக்கிறார். முப்பத்தெட்டுக் கிலோ இருந்தவர் முப்பத்து நாலுக்கு வந்தார். காய்ச்சல் வந்தது. சாப்பாடு நெஞ்சுக்குள் போகிறது, மெதுவாக ஊட்டுங்கள் என்று டாக்டர் சீட்டில் எழுதினார். மாரப்பன் அந்தச் சீட்டை ஃபைலில் வைத்து, ஃபைலுக்கு எண் போட்டார்.

ஷகிலா ஈரக் கையோடு அலுவலக அறைக்குப் போனார்.

"சார், இன்னொரு தடவ இப்பிடிப் போச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு. என்ன மதியம் மட்டும் விடுங்க. தொவைக்கிறதையும் நானே தொவைச்சிடறேன்."

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? ஆய்வுக்கு வந்தா கேப்பாங்க. யாரு ஊட்டுறது, சர்டிபிகேட் எங்க, எத்தன நிமிஷம்? நான் என்ன பதில் சொல்றது?"

"மெதுவா ஊட்டச் சொல்லி டாக்டரே எழுதியிருக்காரே."

"மெதுவான்னா எத்தன நிமிஷம்னு எழுதல இல்ல?" மாரப்பன் நியாயமாகக் கேட்பதாகவே நினைத்தார். "மாசியில மறுபடியும் பயிற்சி வருது. அதே பொம்மைதான். இந்தத் தடவ சட்டுபுட்டுனு ஊட்டிடுங்க. வேல முடிஞ்சுது."

மாசிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. ராஜப்பனின் கணக்கில் அது நூற்றிருபது மதியம்.

அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஷகிலாவைக் காப்பாற்றியது யாருடைய நல்ல மனசும் இல்லை, அந்தச் சான்றிதழ்தான். இல்லத்தில் சான்றிதழ் வாங்கிய ஒன்பது பேரில் நான்கு பேர் கார்த்திகைக்குள் போய்விட்டார்கள். ஒருவர் அதைக் காட்டிப் பெங்களூரில் ஒரு பணக்கார வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள, இருவர் சேலத்துக்கு, ஐஸ்வர்யா ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு. கம்பெனி பஸ் விடிகாலையில் அரூருக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. போகிற அன்று துவைக்கும் கல்லுக்கு வந்து, "திட்டாதீங்கக்கா" என்றார் ஐஸ்வர்யா.

"திட்டல. போய்ப் பொழைக்கற வழியப் பாரு. அங்கயாச்சும் செவப்புப் பேனா இல்லாம இருக்கட்டும்."

அன்று பன்னிரண்டரை மணிக்கு ராஜப்பன் முன்னால் தட்டு இருந்தது, ஊட்ட ஆள் இல்லை. மீதி ஐந்து பேரும் மற்றவர்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். மாரப்பன் துவைக்கும் கல் வரை நடந்து வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்தது அதுவே முதல் முறை.

"கையக் கழுவிட்டு வாங்கம்மா."

"சர்டிபிகேட்டு?"

"வாங்கன்னா வாங்க. குத்திக் காட்டுற நேரமா இது?"

ஷகிலா மீண்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி. ராஜப்பன் முதல் வாயை வாங்கிக்கொண்டு நெடுநேரம் வைத்திருந்தார். பழைய முறைக்குத் திரும்ப அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. கரண்டி வந்தாலே தலையைத் திருப்பக் கற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பயிற்சியால் எதையாவது உண்மையிலேயே கற்றவர் ராஜப்பன் ஒருவர்தான்.

பதிவேட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. ஊட்டியவர்: ஐஸ்வர்யா. தொடங்கிய நேரம் 12.30. முடித்த நேரம் 12.38. மாரப்பனே தன் கையால் எழுதினார். ஓசூரில் ஏதோ ஒரு மேசையில் போன் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்த ஐஸ்வர்யா, அரூரில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ராஜப்பனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

தை மாதம் ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர், ஒரு பட்டியல், ஒரு போட்டோகிராபர். அவர்கள் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஷகிலா ஊட்டத் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. தட்டில் பாதிக்கு மேல் மீதம். மாரப்பன் குழுவுக்குப் பின்னாலிருந்து, சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார்.

"சான்றிதழ் பெற்ற ஊழியர் ஐஸ்வர்யா யாரு?" என்றார் குழுவில் மூத்தவர், பட்டியலைப் பார்த்தபடி.

மாரப்பனின் கை அப்படியே நின்றது.

ஷகிலா நிமிரவில்லை. ராஜப்பனின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியிருந்தது, அந்த முதல் ஏமாற்று. அடுத்தது இன்னும் வரவில்லை. தன் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எழுந்திருக்கச் சொல்வார்கள். பேச்சு வளரும். சான்றிதழ் உள்ள வேறு யாராவது வந்து அந்தக் கரண்டியை எடுப்பார்கள். நாளை மதியமும் அதே ஆள், அதே கடிகாரம்.

"நான்தாங்க" என்றார்.

மூத்தவர் பட்டியலைப் பார்த்தார். ஐஸ்வர்யா, வயது 23. நிமிர்ந்து பார்த்தார். எதிரே தலையில் முக்காடு போட்ட, நாற்பத்தொரு வயதுப் பெண்மணி. டிக் அடித்தார்.

"ஒருத்தருக்கு ஊட்ட எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"எட்டு நிமிசங்க."

"வெரி குட். இப்படித்தான் இருக்கணும்." போட்டோகிராபரிடம் திரும்பி, "இவங்க ஊட்டுற மாதிரி ஒண்ணு எடுப்பா" என்றார். "கொஞ்சம் கரண்டிய வாய்கிட்டக் கொண்டு போங்கம்மா."

"இருங்க. முழுங்கட்டும்" என்றார் ஷகிலா.

போட்டோகிராபர் காத்திருந்தார். வேறு வழி இல்லை. தொண்டை இரண்டாம் முறை ஏறி இறங்கிய பிறகுதான் கரண்டி நகர்ந்தது. படம் எடுத்தார்கள். குழு அலுவலக அறைக்குப் போயிற்று. அங்கே மாரப்பன் பிரியாணி வரவழைத்திருந்தார்.

அவர்களை உட்கார வைத்துவிட்டு மாரப்பன் ஓடி வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. "காப்பாத்திட்டீங்க ஷகிலாம்மா. உங்க நல்ல மனசு..."

"என் மனசெல்லாம் இருக்கட்டும் சார். தள்ளி நில்லுங்க. உங்களப் பாத்தா இவரு சிரிக்கிறாரு, பொரையேறிடும்."

மாரப்பன் தள்ளி நின்றார்.

ராஜப்பன் கடைசி வாயை விழுங்கியபோது மணி ஒன்று பதின்மூன்று. ஆய்வுக் குழு அலுவலக அறையில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.